தொகுதிக்கும் அவருக்கும் ஒரே வயது

பெரியண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். மற்றப் பக்கங்களில் மருமக்கள் கவிதை எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. கதை சொல்ல வரும், அதுவும் அவரிடம் பழகியதுதான். ஆகவே கதையாகவே சொல்கிறேன்.

பெரியண்ணை புங்குடுதீவில் பிறந்தார் என்று மட்டும் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "தொகுதியையும் போடு பிள்ளை" என்பார். நாட்டின் முதலாவது பாராளுமன்றத் தேர்தலுக்காக ஊர்காவற்றுறைத் தொகுதி உருவான அதே வருடத்தில்தான் அவரும் பிறந்தார். தொகுதிக்கும் தனக்கும் ஒரே வயது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அம்மா தன்னை வயிற்றில் சுமந்துகொண்டு போய் வாக்குப் போட்டதாகவும், ஆகவே முதல் தேர்தலிலேயே வாக்குச்சாவடிக்குள் நின்றவன் தான் என்றும் லண்டனில் எத்தனையோ கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறார். நம்பாதவர்களும் அவர் சொல்லும் விதத்துக்காகத் திரும்பவும் கேட்பார்கள்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்றத் தொகுதிகளைச் சைக்கிளில் சுற்றி வரலாம். எங்கள் தொகுதிக்கு வள்ளம் வேண்டும். வேலணையும் புங்குடுதீவும் பாலத்தால் கரையோடு ஒட்டிக்கொண்டவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எல்லாம் கடலுக்குள் கிடப்பவை. வேட்பாளர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் இருந்து இறங்கி வருவார்கள். தண்ணீர் தருவோம், இறங்குதுறை தருவோம் என்பார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அதே தண்ணீர், அதே துறை. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்த எங்கள் ஆட்கள் கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறி வந்து வாக்குப் போடுவார்கள். ஊர் கோவில் திருவிழாப்போல நிறைந்துவிடும். நெடுந்தீவுப் பெட்டிகள் காற்றைப் பார்த்துத்தான் புறப்படும், ஆகவே எங்கள் தொகுதியின் முடிவு எப்போதும் பிந்தித்தான் வரும். பெரியண்ணை இதையெல்லாம் ஒரு தேர்தலைக்கூட விடாமல், யார் எந்தச் சின்னத்தில் நின்றார், எந்தத் தீவு யாரோடு போனது என்று ஒப்புவிப்பார்.

அவருக்குக் கடவுள் கொடுத்தது குரல். பள்ளிக்கூடத்தில் படிப்பு பெரிதாக ஏறவில்லை. எங்களைப் பெற்ற ஐயா இளவயதிலேயே போய்விட்டதால் குடும்பச் சுமை அவர் தலையில் விழுந்தது. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கார்க் கூரையில் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவித்தல் சொல்வது அவருடைய தொழில். கோவில் திருவிழாவையும் படக்காட்சியையும் அவர்தான் சொல்வார். மரண அறிவித்தலும் அவர்தான். யாராவது செத்துவிட்டால், இன்னாரின் மகனும் இன்னாரின் கணவரும் என்று முறை தவறாமல் அவர் சொல்லிக்கொண்டு போகும்போது, பெண்கள் உலையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள். தேர்தல் வந்துவிட்டால் வள்ளத்தின் பாய்மரத்தில் குழாயைக் கட்டிக்கொண்டு தீவு தீவாகப் போவார். கடலில் இருந்து அவர் குரல் வந்ததாக அனலைதீவில் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி இன்றைக்கும் சொல்வாள். அந்த உழைப்பில்தான் நாங்கள் படித்தோம், சாப்பிட்டோம்.

இனி நான் எழுதப்போவதை எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை எழுதவில்லை. மாமியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அம்மாவின் தமையனுடைய வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. மாமா, மாமி, இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் விடுமுறைக்கு அவர் வீட்டுக்கு வந்த வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்களை எடுத்தார்கள், மூத்தவரை எடுக்கவில்லை. உடல் கிடைக்காதபடியால் மாமி எதையும் செய்ய விடவில்லை. செத்தவீடு இல்லை, அறிவித்தல் இல்லை, அந்தியேட்டி இல்லை. மாமி முன்னால் யாரும் சாவு என்ற சொல்லை எடுப்பதும் இல்லை. இளையவரை நாங்கள் மச்சான் என்போம். பெரியண்ணையின் உற்ற கூட்டாளி. எனக்கும் அவருக்கும் கலியாணப் பேச்சுக்கால்கூட நடந்துகொண்டிருந்தது. இதை வாசிக்கும் என் கணவர் சிரிப்பார் என்று தெரியும், சிரிக்கட்டும்.

எங்கள் தொகுதிக்குத் தனி உறுப்பினரைத் தெரிவு செய்த கடைசித் தேர்தல் அது. கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. மாமா தன்னோடு படித்த ஒருவர் சுயேச்சையாக நின்றார் என்று அவருக்கு வேலை செய்தார். பெரியண்ணை மற்றப் பக்கம். சுயேச்சையின் சின்னம் ஏணி. மாமா தன் கையாலேயே பெரிய ஏணி ஒன்றைச் செய்து, வர்ணம் பூசி, வாசல் படலையில் சாத்தி வைத்திருந்தார். "இது எங்கடை வீட்டுப் பிள்ளை" என்று வருவோர் போவோரிடம் பகிடி விடுவார். ஒரே குடும்பம் இரண்டு பக்கமாக நின்றாலும் பகல் முழுக்க ஏசிக்கொண்டு, மாலையில் ஒன்றாகத் தேநீர் குடிப்போம்.

ஏணி தோற்றது. அடுத்த நாள் பின்னேரம் வெற்றி ஊர்வலம். தோற்ற சின்னத்துக்குப் பாடை கட்டிச் செத்தவீடு கொண்டாடுவது அந்த நாள் வழக்கம். பொடியன்கள் மாமா வீட்டுப் படலையில் இருந்த ஏணியையே எடுத்துத் தோளில் தூக்கிப் பாடையாக்கினார்கள். காரில் ஒலிவாங்கியோடு இருந்தவர் பெரியண்ணை. மரண அறிவித்தல் சொல்லச் சொல்லிக் கூட்டம் கேட்டது. அவருக்கு அது மனப்பாடம். மாமாவின் பெயரையும் மாமியின் பெயரையும் முறையாகச் சொல்லி, அவர்களின் பாசமிகு மூத்த மகன் நேற்று இறைவனடி எய்தினார் என்று சொன்னார். வீட்டுப் பிள்ளை என்று மாமா ஏணியைச் சொல்லும் பகிடிதான் அவர் மனதில் இருந்தது. அறிவித்தலில் மகன் என்றால் மூத்த மகன் என்று வருவது வாய்ப் பழக்கம். வெளியே நின்றவர்களுக்கு ஏணி தெரிந்தது, சிரித்தார்கள். உள்ளே இருந்த மாமிக்குக் குரல் மட்டும் கேட்டது. ஊரில் நடந்த எல்லாச் சாவையும் சொன்ன குரல் அது.

மாமி தலைமுடி அவிழ்ந்தபடி படலைக்கு ஓடி வந்தார். நான் எங்கள் வேலியோரம் நின்று பார்த்தேன்.

"எங்கை எடுத்தவை? என்ர பிள்ளையை எங்கை எடுத்தவை?" என்று கேட்டார்.

மேளம் நின்றது. மாமி ஏணியைப் பார்த்தார், காருக்குள் இருந்த பெரியண்ணையைப் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போனார். அவ்வளவுதான் நடந்தது.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் கொண்டாட்டம் நின்றது. நல்லது கெட்டது ஒன்றுக்கும் போக்குவரத்து இல்லை, ஒரு மிடறு தண்ணீர்கூட ஒருவர் வீட்டில் மற்றவர் குடிப்பதில்லை. பேச்சுக்காலும் நின்றது. பெரியண்ணை மன்னிப்புக் கேட்கப் போன ஒவ்வொரு முறையும் மாமா படலையைத் திறக்கவில்லை. பிறகு சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், ஆளுக்கொரு திசையாகிவிட்டோம். மாமா வன்னியில் காலமான செய்தியைப் பெரியண்ணை ஜேர்மனியில்தான் அறிந்தார். தொகுதி இல்லாமற்போன செய்தியும் அங்கேதான் வந்தது. இனி விகிதாசாரத் தேர்தல், மாவட்டம் முழுக்க ஒன்று, எங்கள் தொகுதி வாக்கெண்ணுவதற்கு ஒரு பெயர் மட்டும் என்று யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெரியண்ணை அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டார். "என்னோடை பிறந்தது போட்டுது" என்று அண்ணியிடம் சொன்னாராம். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து லூயிஷாமில் வீடெடுத்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பிறகு ஒரு பலசரக்குக் கடை. மேடை கிடைத்தால் விடமாட்டார். கோவில் திருவிழாவில் "நீல நிற வான் வண்டியின் உரிமையாளர் தயவுசெய்து" என்று அவர் சொல்லும்போது, வண்டி இல்லாதவர்கூட எழும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றும். யாருக்கு உதவி வேண்டுமென்றாலும் ஓடுவார். கவுன்சில் அலுவலகத்தில் ஆங்கிலம் தெரியாத எத்தனையோ பேருக்காக, தனக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் கம்பீரமாகப் பேசியிருக்கிறார். குரலைக் கேட்டே பாதி அலுவல் முடிந்துவிடும்.

மாமியும் மச்சான் குடும்பத்தோடு லண்டனுக்கே, வால்தம்ஸ்டோவுக்கு வந்து சேர்ந்திருந்தார். கலியாண மண்டபங்களில் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். ஒருமுறை நோர்பரியில் ஒரு கலியாணத்தில் பெரியண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து மணமக்களை வாழ்த்தத் தொடங்கியதும், மாமி கதிரையை விட்டு எழும்பி வெளியே போய்விட்டார். சாப்பிடாமலே போனார். அதன்பிறகு மாமி வந்திருக்கும் மண்டபத்தில் பெரியண்ணை ஒலிவாங்கியைத் தொட்டதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் "தொண்டை சரியில்லை" என்று பொய் சொல்வார்.

எங்கள் ஊர்ச்சங்கம் ஒரு மலர் போட நினைத்தபோது, தொகுதியின் வரலாற்றை எழுத அவரைத்தான் கேட்டார்கள். கடை மேசையில் இருந்து எழுதினார். நன்றாகவே வந்தது. ஆனால் கடைசித் தேர்தலுக்கு முந்திய தேர்தலோடு நின்றுவிட்டது. சங்கத்துச் செயலாளர் இளம்பிள்ளை, விபரம் தெரியாமல் கேட்டார்.

"அங்கிள், கடைசி எலெக்‌ஷனை விட்டிட்டீங்களே?"

"அது ஒராளிட்டைக் கேட்டிட்டுத்தான் எழுத வேணும் தம்பி."

"ஆரிட்டை?"

பெரியண்ணை எழுதிய தாள்களை அடுக்கி அவர் கையில் கொடுத்தார். மலர் அந்தப் பகுதி இல்லாமலே வந்தது.

பிறகு பொய்யாகச் சொன்ன தொண்டை வருத்தம் உண்மையாகவே வந்துவிட்டது. குரல் கரகரத்தது, சளித் தடிமன் என்று நினைத்தோம். வைத்தியர்கள் சோதித்துவிட்டுக் குரல்வளையை எடுக்கவேண்டும் என்றார்கள். உயிர் தப்பலாம், ஆனால் இனிக் கதைக்க வராது. மகள் அழுதுகொண்டே மொழிபெயர்த்துச் சொல்ல, பெரியண்ணை ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டார், எப்போது வெட்டுவார்கள் என்று. அடுத்த கிழமை என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நாளைக்கு வாறியே பிள்ளை? வால்தம்ஸ்டோவுக்குப் போக வேணும். தனியப் போகப் பயமாக் கிடக்கு."

என் வாழ்நாளில் அவர் பயம் என்று சொல்லிக் கேட்டது அந்த ஒருமுறைதான். ரயில் மாறி மாறிப் போனோம். வழியில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. குரலைச் சேமிக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

கதவைத் திறந்தவர் மச்சான். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தலை எல்லோருக்கும் நரைத்துவிட்டது.

"என்ன அலுவல்?"

"மாமியோடை ஒருக்காக் கதைக்க வேணும்" என்றார் பெரியண்ணை. "வாற கிழமை தொண்டையை வெட்டப் போகினம். பிறகு என்னாலை ஏலாது. மாட்டன் எண்டு மாமி சொன்னா இப்பிடியே திரும்பிப் போறன்."

மச்சான் கதவை அகலத் திறந்தார். "உள்ளுக்கு வாங்கோ, குளிருது" என்றார்.

மாமி ஹீட்டருக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்துக்கொண்டிருந்தார். பெரியண்ணை இருக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், அறுபது வயது மனிதர்.

"மாமி, அண்டைக்குப் படலையிலை நான் சொன்னது ஏணியைத்தான். மூத்தவரை நான் நினைக்கேல்லை. நினைக்காததுதான் பிழை. கும்பிட்டுக் கேக்கிறன், என்னை மன்னிக்க வேணும்."

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏணியெண்டு எனக்குப் படலைக்கு வந்தாப் பிறகுதான் தெரியும் மோனை. உள்ளுக்கிருந்து படலைக்கு வருமட்டும் என்ர பிள்ளையை எடுத்திட்டாங்கள் எண்டு நினைச்சு ஓடி வந்தனான். கடல் தந்திட்டுதெண்டு. எனக்கு அந்த நேரம் சந்தோசமாக் கிடந்தது. அது உனக்குத் தெரியுமோ?"

எங்களில் யாருக்கும் அது தெரியாது. முப்பது வருடமாக, அவமானப்படுத்தியதற்காக மாமி கோபித்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தோம். எனக்கு அந்த இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது. மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"உன்ர குரலைக் கேக்கேக்கை எல்லாம் எனக்கு அந்த ஓட்டம்தான் வரும்" என்றார் மாமி. "உன்னிலை எனக்கு வேறை கோவம் ஒண்டுமில்லை. மூத்தவனுக்கு ஒருத்தரும் அறிவித்தல் சொல்லேல்லை. நான்தான் விடேல்லை. இப்ப நீ சொல்லு. முறைப்படி சொல்லு, குரல் போறதுக்கு முதல்."

பெரியண்ணை செருமிக்கொண்டார். சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, எப்போதும் நிற்பதுபோல நேராக நின்றார். அந்தச் சிறிய அறையில், ஒலிவாங்கி இல்லாமல், கரகரத்த குரலில் சொன்னார். புங்குடுதீவைப் பிறப்பிடமாகக் கொண்டவரும், நெடுந்தீவில் ஆசிரியராகப் பணியாற்றியவருமான தவராசா அவர்கள் இறைவனடி சேர்ந்தார் என்றார். மாமாவின் பெயரைக் காலஞ்சென்ற என்று சேர்த்துச் சொன்னார், மாமியின் பெயரைச் சொன்னார், அவர்களின் பாசமிகு மூத்த மகனும் என்றார். மச்சானைப் பாசமிகு சகோதரன் என்றார். எங்கள் வீட்டுப் பக்கத்து உறவுகளையும் ஒருவரையும் விடாமல் சொன்னார், தன்னை மச்சான் முறை என்று கடைசியில் சேர்த்தார். இரண்டு இடத்தில் குரல் அடைத்தது, நின்று எடுத்துச் சொன்னார். இந்த அறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு முடித்தார்.

"ஓம்" என்றார் மாமி. அதன்பிறகுதான் அழுதார். வாய்விட்டு, ஊரில் அழுவதுபோல அழுதார். நானும் போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கு நாங்கள் நெடுநேரம் இருக்கவில்லை, பெரியண்ணையால் ஏலவில்லை. வாசலுக்கு வந்தபோது மாமி உள்ளே இருந்து சொன்னார்.

"போட்டு வா மோனை. சுகமாகி வா. என்ர கையாலை உனக்குச் சோறு போட வேணும்."

ரயிலில் பெரியண்ணை சிறுபிள்ளைபோல இருந்தார். மாமியின் மீன்குழம்பைப் பற்றி, குரல் போகப்போகிறது என்ற நினைப்பே இல்லாமல், லூயிஷாம் வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தார். அவருடைய குரலில் நான் கடைசியாக நிறையக் கேட்டது அதுதான்.

வெட்டிய பிறகு அவர் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். விழுங்க முடியாமல் குழாய் வழியாகத்தான் ஆகாரம். மாமி ஞாயிறு தோறும் தொலைபேசி எடுப்பார். பெரியண்ணை காதில் வைத்துக்கொண்டு கேட்பார், தலையை ஆட்டுவார். அங்கே தெரியாது என்று அண்ணி சொன்னாலும் ஆட்டுவார். தொகுதியின் கடைசித் தேர்தலை எழுதி முடிக்கச் சொல்லி நான் கேட்டபோது, சிலேட்டில் "நீ எழுது, உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று எழுதிக் காட்டினார். எழுதிவிட்டேன் அண்ணை. உங்கள் அளவுக்கு வரவில்லை.

குளிர்காலத்தில் வருத்தம் திரும்பி வந்தது. பிள்ளைகள் சுற்றியிருக்க, அண்ணியின் கையைப் பிடித்தபடி, நோவில்லாமல் போனார். எங்களுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

அவரைத் தங்கள் சொந்தத் தகப்பனைப்போலப் பார்த்த வைத்தியசாலைத் தாதிமாருக்கும், இரவு பகல் பாராமல் கார் ஓட்டிய மருமகனுக்கும், கடையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடைக்காரருக்கும், கிரியைகளைக் குறைவில்லாமல் செய்து தந்த ஐயருக்கும், தூர தேசங்களில் இருந்து வந்தவர்களுக்கும், வரமுடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொல்ல மறந்தவர்கள் உரிமையோடு கோபிக்கலாம்.

இன்னும் ஒரு வீடு இருக்கிறது. சொந்தத்துக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கமில்லை, ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, உரித்துள்ளவர்கள்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். பெரியண்ணை போன அன்று லூயிஷாம் வீட்டுக்கு முதல் வந்த சாப்பாடு வால்தம்ஸ்டோவில் இருந்து வந்தது. மச்சான் பானைகளைத் தூக்கிக்கொண்டு வர, மாமி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். யாரையும் தொடவிடவில்லை. தன் கையாலேயே ஒரு தட்டில் சோறு போட்டு, கறி விட்டு, பெரியண்ணையின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தார், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருப்பதுபோல.

பிறகு எங்களைப் பார்த்து, "இனி நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார்.

நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்.